பிணத்தை எரிக்கச் சீட்டு எப்போது வந்தது? 1864 கல்கத்தா, நிம்தலா காட்

ஆற்றுமணல்

போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். ஊர்ப்பெயர் வேண்டாம். எரிவாயு தகனமேடை வாசலில் ஒரு மேசை, அதன்மேல் அட்டை கிழிந்த நீளப் பதிவேடு. பாடை வேப்பமரத்தடியில் இருக்கிறது, அண்ணன் கையில் கொள்ளிச்சட்டி புகைந்து புகைந்து அணையப் போகிறது, மேசைக்காரர் ஆதார் நகலைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாக “இன்னொரு நகல் வேணும்” என்கிறார். ஜெராக்ஸ் எடுக்க ஓடியது நான். அவர்மேல் கோபம் இல்லை, அவர் வேலை அது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் மண்டையில் ஏறிய கேள்வி இன்னும் இறங்கவில்லை: எரிப்பதற்கும் ஒரு சீட்டு, ஒரு எல்லை, ஒரு பதிவேடு என்பதெல்லாம் எப்போது வந்தது?

தேடிப் போனதில் 1864 கல்கத்தாவில் போய் நின்றேன். கதை இதுதான். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்கள் சண்டையைவிட நோயில் அதிகம் சாகிறார்கள் என்று லண்டனில் கவலை. ராயல் கமிஷன் ஒன்று உட்கார்ந்து 1863-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் வந்தன. வங்காளக் கமிஷனின் தலைவர் ஜான் ஸ்ட்ரேச்சி. அவர் கல்கத்தாவைச் சுற்றிப் பார்த்து எழுதியதில் ஒரு விஷயம் எல்லோரையும் உலுக்கியது: ஒரே வருடத்தில் 5,000-க்கும் மேற்பட்ட பிணங்கள் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டிருக்கின்றன, ஊரின் பெரும்பகுதி ஜனங்கள் குடிப்பதும் குளிப்பதும் அதே ஆற்றில்.

உடனே லெப்டினன்ட் கவர்னர் சிசில் பீடன், ஆற்றில் பிணம் போடுவதை நிறுத்து என்றார். அதோடு விட்டிருந்தால் யாரும் பெரிதாகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். நகரத்து ஆற்றங்கரையில் எரிப்பதும் கூடாது, சுடுகாட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோ என்று அடுத்த அடி வைத்தார். நிம்தலா காட், காசி மித்ரா காட் (‘காட்’ என்றால் படித்துறை) என்ற இரண்டு சுடுகாடுமே ஆற்றையொட்டி இருப்பவை. கங்கையின் கிளையான அந்த ஆற்றங்கரையில் எரிந்தால்தான் கரையேறுவோம் என்று நம்புகிறவர்களிடம் போய் ஊருக்கு வெளியே எங்கேயாவது எரித்துக்கொள் என்றால் என்ன ஆகும்?

அப்போது எழுந்து பேசியவர் ராம்கோபால் கோஷ். இவர் ஆசார சீலர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்துக் கல்லூரி ஆசிரியர் டெரோசியோவிடம் பாடம் கேட்ட ‘இளம் வங்காள’க் கூட்டம், சாஸ்திரத்தைக் கிண்டலடித்தே பெயர் வாங்கிய கோஷ்டி. அப்படிப்பட்ட ஒருவர், அதுவும் பெரிய வியாபாரி, நகராட்சியை நடத்திய ஜஸ்டிஸ்கள் சபையில் நின்று சுடுகாட்டுக்காக வாதாடுகிறார். நிம்தலா தப்பியது. சுற்றுச்சுவர், சுத்தம், மேற்பார்வை என்று சமரசமானது. 1941-இல் தாகூரை எரித்ததும் அதே நிம்தலாவில்தான்.

என் சந்தேகம்: இதை “வெற்றி” என்று எழுதிவிடுகிறார்கள். இடம் தப்பியது, சரி. ஆனால் சுவர் கட்டி வாசல் வைத்து வாசலில் ஆள் போட்ட பிறகு அது பழைய சுடுகாடா?

சும்மா_படிக்கிறவன்

இது ராஜா ராம்மோகன் ராய் காலத்து விஷயம் இல்லையா? கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் தடை போட்டாரே, அதன் தொடர்ச்சியா?

ஆற்றுமணல்

இல்லை தம்பி, அது சதி, அதாவது உடன்கட்டை. 1829 டிசம்பரில் வங்காளத்தில் ஒழுங்குவிதி 17, அடுத்த வருடம் மதராஸிலும் போட்டார்கள். உயிரோடு இருக்கும் பெண்ணை எரிப்பதைத் தடுத்த சட்டம், அது வேண்டியதுதான். நான் பேசுவது இறந்த உடலை எரிப்பது பற்றி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்றும் நடக்கிறது, அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களும் அதையேதான் செய்தார்கள், சிதை என்றாலே அவர்களுக்கு சதி ஞாபகம்.

கறுப்புக்கோட்டு

வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கம்பெனி காலமோ ராணி காலமோ, இந்தியாவில் “எரிக்கக் கூடாது” என்று யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் 1857 மறுபடி வந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னும் சொன்னால் 1860 தண்டனைச் சட்டத்தில் பிரிவு 297, ஈமச்சடங்குக்கென்று ஒதுக்கிய இடத்தில் பிறர் மனம் புண்பட வேண்டும் என்றே அத்துமீறி நுழைந்தால் ஒரு வருடம் வரை சிறை என்றது. அதாவது பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். கட்டுப்பாடு வந்தது பின்வாசல் வழியாக: நகராட்சிச் சட்டம். 1920-ஆம் ஆண்டு மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள மயானத்தைப் பதிவு செய், புதிதாக வேண்டுமென்றால் உரிமம் வாங்கு, பதிவோ உரிமமோ இல்லாத இடத்தில் எரிக்காதே, மயானத்தைப் பார்த்துக்கொள்கிறவன் ஒவ்வொரு பிணத்துக்கும் தகவல் கொடு. உங்கள் மேசைக்காரருடைய தாத்தா அந்தக் கடைசி வரிதான்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. நம் பழைய சாட்சியச் சட்டத்தை 1872-இல் எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் ஊருக்குத் திரும்பி நீதிபதியானார். 1884-இல் அவர் முன்னால் ஒரு வழக்கு வருகிறது. வேல்ஸில் லான்ட்ரிசன்ட் என்ற ஊர், வில்லியம் ப்ரைஸ் என்ற எண்பத்து மூன்று வயது டாக்டர், நரித்தோல் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிற ஆள், தான் ட்ரூயிட், அதாவது பழைய கெல்டிக் மதத்துப் பூசாரி என்பார். இறந்துபோன தன் ஐந்து மாதக் கைக்குழந்தையை மலைமேல் எரிக்கப் பார்த்தார், ஜனங்கள் கொதித்துப்போய் போலீஸ் வந்து பாதியில் பிடுங்கியது. ஸ்டீபன் என்ன சொன்னார் தெரியுமா? பொதுத்தொல்லை ஆகாதவரை பிணத்தை எரிப்பது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றமே இல்லை. அதன் பிறகுதான் அங்கே வழி திறந்தது, 1885 மார்ச்சில் வோக்கிங்கில் முதல் முறையான தகனம்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1864-இல் கல்கத்தாவில் சிதைப்புகை அசுத்தம். 1874-இல் லண்டனில் சர் ஹென்றி தாம்ப்சன் தகனச் சங்கம் ஆரம்பிக்கிறார், காரணம் புதைப்பது அசுத்தம், எரிப்பதுதான் சுகாதாரம்! பத்தே வருடம்.

லண்டன்_மழை

கறுப்புக்கோட்டு அண்ணே, அவர்கள் சுகாதாரம் என்றது உலையை. கண்ணில் படாமல், சுவருக்குள், புகைபோக்கியோடு. திறந்த சிதையை இல்லை. 1902 தகனச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: தகனம் என்றால் அதற்கென்ற கட்டடத்தில், வீட்டிலிருந்து 200 கஜத்துக்குள் அந்த வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் கட்டக் கூடாது, பொதுச்சாலையிலிருந்து 50 கஜம் தள்ளி. நம் ஊர்ப் பஞ்சாயத்து விதியில் வீட்டிலிருந்தும் குடிநீர் மூலத்திலிருந்தும் 90 மீட்டர் என்று 1999-இல் போட்டிருக்கிறார்களே, அளவு மாறியிருக்கிறது, புத்தி அதேதான்.

ஆனால் அதே சட்டம் இருக்கும்போதே 1914 கடைசியிலும் 1915-லும் பிரைட்டன் பக்கத்தில் பாச்சம் குன்றில் திறந்த சிதை எரிந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்டு பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேர். போருக்கு ஆள் வேண்டும் என்றால் சட்டம் கொஞ்சம் வளையும். அந்த மேடைகளின்மேல் இப்போது வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்திரி, குடை மாதிரியான நினைவு மண்டபம், நிற்கிறது, 1921-இல் இளவரசர் வந்து திறந்தது. நான் போயிருக்கிறேன். கார் நிறுத்துமிடம் கிடையாது, புல்வெளியில் ஆடுகளுக்கு நடுவே நல்ல தூரம் ஏற வேண்டும், மேலே போனால் காற்று காதை அடைக்கும். நான் போன அன்று யாரோ வாடின சாமந்தி மாலை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

போர் முடிந்தது, சலுகையும் முடிந்தது. 2006-இல் நியூகாசிலில் தாவிந்தர் காய் என்ற பெரியவர், நான் செத்தால் திறந்த சிதையில் எரிக்க வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 2009-இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் ஜெயித்தார். எப்படி? மத உரிமையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை, சுவரும் கூரையில் திறப்பும் இருந்தால் அதுவும் 1902 சட்டம் சொல்லும் “கட்டடம்”தான் என்று. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடிக்க நாலு வருடம்.

விறகுக்கடை

எல்லோரும் பீடனைத் திட்டுகிறீர்கள். திட்ட வேண்டிய மனுஷர்தான், இரண்டு வருடம் கழித்து ஒரிசாப் பஞ்சத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு ஊரே திட்டியது. ஆனால் 1864 விஷயத்தில் அந்த 5,000 பிணம் பொய்யா? அந்தத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா? காலரா கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன ஊர் அது. பல்தாவிலிருந்து வடிகட்டிய குழாய்த் தண்ணீர் வந்தது 1870 வாக்கில்தான். அதுவரை ஆறும் குளமும்தான். புனிதம் என்று சொல்லி அழுகின உடலை மிதக்க விட்டவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அரசாங்கத்தை மட்டும் கேட்பது நியாயமாகப் படவில்லை.

ஆற்றுமணல்

சரியான கேள்வி, இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். 5,000 பிணத்தை ஆற்றில் போட்டவர்கள் யார்? பக்தியில் போட்டவர்கள் கொஞ்சம்தான் இருப்பார்கள். மற்றதெல்லாம் விறகு வாங்கக் காசில்லாதவர்கள், உறவு தெரியாதவர்கள். அரைகுறையாகக் கருக்கி, சில நேரம் அதுகூட இல்லாமல், தள்ளிவிட்டுப் போனார்கள். ஸ்ட்ரேச்சியின் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: அந்தக் கணக்கில் சுமார் 1,500 உடல்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலிருந்தே ஆற்றுக்குப் போனவை. சர்க்கார் ஆஸ்பத்திரி வீசியிருக்கிறது, சர்க்கார் கமிஷன் மூக்கைப் பொத்தியிருக்கிறது, சர்க்கார் கவர்னர் நிம்தலாவில் காசு கொடுத்து விறகு வாங்கி ஒழுங்காக எரித்துக்கொண்டிருந்தவனை இடம் மாறு என்றிருக்கிறார். ஸ்ட்ரேச்சி இதை மறைக்காமல் எழுதினார் என்பதை மட்டும் அவர் கணக்கில் வைக்கிறேன்.

பிரச்சினை விறகு விலை. தீர்வாக வந்ததோ இடமாற்றம். ராம்கோபால் கோஷ் பேசியதும் இடத்தைப் பற்றித்தான். தூரமாகக் கொண்டுபோனால் தூக்குகூலி கூடும், ஏழைக்கு இன்னும் கஷ்டம் என்பது உண்மை. ஆனால் ஆற்றில் தள்ள வேண்டிய நிலையில் இருந்தவன் குரல் அந்தச் சபையில் இல்லை. கனவான்களும் கனவான்களும் பேசி முடித்துக்கொண்டார்கள். நான் “வெற்றி” என்ற சொல்லைச் சந்தேகப்பட்டது இதனால்தான், முதலில் சரியாகச் சொல்ல வரவில்லை.

விறகுக்கடை

1,500 எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அப்பா நிஜமாகவே விறகுக்கடை வைத்திருந்தார். மயானத்துக்குப் போகும் விறகுக்குக் கடன் சொன்னால் மறுக்க மாட்டார், திருப்பிக் கேட்கவும் மாட்டார். அந்தக் கணக்குக்குத் தனி நோட்டு இருந்தது.)

கரும்புக்காடு

இந்தியாவிலேயே இந்தியாவைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தோட்டக் காலனிகளைப் பாருங்கள், அங்கேதான் சட்டம் நிஜமாகக் கழுத்தைப் பிடித்தது. டிரினிடாட். 1845 மே 30-இல் ஃபாட்டல் ரசாக் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு போய்ச் சேர்ந்தது. 1917 வரை ஏறக்குறைய 1,44,000 பேர். பெரும்பாலும் கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன போஜ்புரி ஆட்கள், மதராஸிலிருந்து போன நம்மவர்களும் ஒரு பங்கு, அவர்களை இன்றும் அங்கே “மதராஸி” என்பார்கள், காளியம்மா கும்பிடுகிறவர்கள். இத்தனை ஆயிரம் இந்துக்களுக்கு அங்கே எரிக்க வழியில்லை, புதைத்தார்கள். தகனத்துக்கு அங்கே சட்டம் வந்த வருடம் 1953. 1845-லிருந்து கணக்குப் போடுங்கள், 108 வருடம். யாரோ உட்கார்ந்து ஜெபமாலை உருட்டின மாதிரி.

கல்யாணமும் அப்படித்தான், இந்து முறைத் திருமணத்தை அந்த ஊர்ச் சட்டம் கண்டுகொண்டது 1945-இல். அதுவரை சர்க்காரில் பதியாத கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் காகிதத்தில் முறைதவறிப் பிறந்தவர்கள். எரிப்பது, கட்டிக்கொள்வது, கும்பிடுவது மூன்றுக்கும் ஒரே கதை. வாட்டர்லூ என்ற இடத்தில் ஸிவ்தாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1947-இல் கடற்கரையில் கோயில் கட்டினார், நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது என்று 1952-இல் இடித்து அவரை 14 நாள் சிறையிலும் போட்டார்கள். மனுஷர் வெளியே வந்து, நிலம்தானே உன்னுது என்று, சைக்கிளில் கல்லும் சிமெண்டும் கொண்டுபோய் கடலுக்குள்ளேயே மேடு போட்டுக் கட்டினார், 25 வருடம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இப்போது சிதை மேடைகள் இருக்கின்றன, திறந்த வெளியில், சட்டப்படி. லண்டன்_மழை சொன்ன பெரியவர் 2010-இல் கோர்ட்டில் போராடி வாங்கியது அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

கல்கத்தாவில் ஒரு சபையாவது இருந்தது, எழுந்து பேச ஒரு கோஷ் இருந்தார், செய்தித்தாள் இருந்தது. கரும்புத் தோட்டத்தில் யார் இருந்தார்கள்? வெள்ளைக்காரன் ஒரே ஆள்தான், எதிரில் நிற்கிறவன் பலத்தைப் பார்த்துத்தான் சட்டம் எழுதினான்.

பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எரிக்க விடாத கதை கதைக்கிறீர்கள். எங்கள் நாட்டில் போன கொரோனா காலத்தில் எரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திய கதை நடந்தது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி (உங்கள் அரசிதழ்): கொரோனாவில் இறந்த எவரது பிரேதமும் தகனம் செய்யப்பட வேண்டும். முஸ்லிம் சனங்களுக்குப் புதைப்பது கட்டாயக் கடமை, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது, கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு பிள்ளையையும் டிசம்பரில் எரித்தார்கள். கொழும்பு பொரளை மயானக் கேற்றில் ஆட்கள் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டிவிட்டுப் போனார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் கைவிட்டார்கள், 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இந்த இழைக்கு இது ஏன் என்றால், அந்த வர்த்தமானி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது தெரியுமோ? 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய் தடுப்புக் கட்டளைச் சட்டம். பிரிட்டிஷ்காரன் கப்பலில் வரும் கொள்ளைநோய்க்குப் போட்டது. அவன் எழுதி வைத்துவிட்டுப் போன கத்தி உறைக்குள் கிடந்தது, எங்கள் ஆட்கள் எடுத்து மற்றப் பக்கம் வீசினார்கள். எங்கள் வீட்டில் எரிக்கிற வழக்கம்தான், அதனால் எங்களுக்கு வலிக்கவில்லை, அதைத்தான் நினைக்க வெட்கமாக இருக்கிறது.

கறுப்புக்கோட்டு

இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. சுகாதாரம் என்ற ஒரு சொல் எரிக்காதே என்பதற்கும் காரணமாக இருந்திருக்கிறது, எரித்தே ஆக வேண்டும் என்பதற்கும் காரணமாக இருந்திருக்கிறது.

தெற்குத்தெரு

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நகராட்சிச் சட்டத்தில் மயானத்தைப் பதிவு செய் என்று இருந்ததாகச் சொன்னீர்கள். அந்த மயானத்துக்குப் போகிற பாதையைப் பதிவு செய் என்று இருந்ததா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் வீடியோ பார்த்திருப்பீர்கள். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற வழி அடுத்தவர் வயலில் வேலிக்குள். தலித் ஒருவர் உடலைப் பாடையோடு கயிறு கட்டிப் பாலத்து மேலிருந்து கீழே இறக்கினார்கள். இருபதடி இருக்கும். கீழே நின்று வாங்கினவன் கையைத்தான் அந்த வீடியோவில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாடை சாயாமல் பிடிக்க எவ்வளவு தடுமாறினான்.

வெள்ளைக்காரன் எரிக்கிற இடத்தில் கை வைத்தான், புகையில் கை வைத்தான். ஆளுக்கொரு சுடுகாடு என்பதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிட்டுப் போனான். அதில் கை வைத்தால் ஊர்க் கனவான்கள் கோபப்படுவார்கள் அல்லவா. எங்கள் ஊரிலும் பாதை இல்லை, அறுவடைக்கு முன்னால் யாராவது செத்தால் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், வரப்பில் பாடையை நாலு பேர் தூக்க முடியாது, ரெண்டு பேர்தான்.

விறகுக்கடை

உங்கள் ஊரில் பழைய ஆவணத்தில் பாதை இருந்ததா, அடைத்துவிட்டார்களா?

தெற்குத்தெரு

இருந்தது என்று தாத்தா சொல்வார். காகிதம் பார்த்ததில்லை.

கறுப்புக்கோட்டு

தம்பி, தாலுகா ஆபீஸில் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று ‘அ’ பதிவேடு, கிராம நிலக் கணக்கு, சுடுகாட்டுப் புல எண்ணுக்கு நேராகப் புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று புலப்படம், அந்த எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் சேர்த்தே கேளுங்கள், பாதை இருந்திருந்தால் பக்கத்துப் புலத்தில்தான் கோடாகத் தெரியும். இப்போதைய நகலில் இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும், கவுண்டரில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கிடைத்ததும் எண்ணை மறைத்துவிட்டுப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

தெற்குத்தெரு

திங்கள்கிழமை போகிறேன் அண்ணே.

ஆற்றுமணல்

எல்லாவற்றையும் இரண்டு இரண்டு நகலாக எடுத்துக்கொண்டு போங்கள்.